முதற் சொல்

சொல்லக் கடினமானதை எங்கே தொடங்குவது? கம்பனின் அனுமன், சீதையைக் கண்டுவிட்டதையே முதற் சொல்லாக வைத்தான். இராமன் ஒரு கணமும் தவிக்கலாகாதென்று.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. நாங்கள் சாவகச்சேரியில் ஒதுங்கினோம். 1996 மே மாதம் கொக்குவில் வீட்டை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கூரையில்லை, சுவர்களும் பாதி. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை, சைக்கிளில் வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தேன்.

அம்மா படலையடியில் நின்றார்.

"கிணத்துத் தண்ணி நல்லாயிருக்கம்மா. பிலாவும் நிக்குது."

"அப்ப வீடில்லையோ, தம்பி?"

அனுமனிடம் நான் பாதிதான் கற்றிருந்தேன். அவன் முதலில் வைத்தது நற்செய்தியை அன்று. கேட்பவர் அறியத் தவித்ததை.