நாசரேத்து என்னும் முகவரி

(திருத்தூதர் புனித பர்த்தலமேயு விழாவையொட்டிய வானொலி மறையுரை. நற்செய்தி: யோவான் 1:45-51)



ஆகஸ்ட் 24 அன்று திருஅவை திருத்தூதர் பர்த்தலமேயுவின் விழாவைக் கொண்டாடுகிறது. யோவான் நற்செய்தியில் நத்தனியேல் என்ற பெயரில் வருகிறவரே இவர் என்பது நெடுங்கால மரபு. விழா நாளில் வாசிக்கப்படும் நற்செய்தியை நீங்கள் அறிவீர்கள். மெசியாவைக் கண்டுகொண்டோம், அவர் நாசரேத்தைச் சேர்ந்த யோசேப்பின் மகன் என்று பிலிப்பு ஓடிவந்து சொல்கிறார். நத்தனியேலுக்கு நம்பிக்கை வரவில்லை. நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று கேட்கிறார்.

நத்தனியேல் எந்த ஊர்க்காரர் தெரியுமா? இதே நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம் அவர் கானா ஊரைச் சேர்ந்தவர் என்கிறது. கானாவும் கலிலேயாவில் ஒரு சிற்றூர்தான். நாசரேத்துக்கு அக்கம்பக்கத்து ஊர். எருசலேம் மாளிகையில் இருந்தவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர் கேட்டார்.

அன்பார்ந்தவர்களே, மதுரையில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. “வீடு எங்கேப்பா?” என்று கேட்பார்கள். “செல்லூர்” என்போம். “செல்லூரா?” என்று ஓர் இழுப்பு வரும். அந்த ஓர் எழுத்தின் இழுப்பில் எத்தனையோ அர்த்தம் இருக்கும். அதனால்தான் நம் பிள்ளைகள் சிலர் கல்லூரியிலும் வேலைக்குப் போகிற இடத்திலும் “கோரிப்பாளையம் பக்கம்” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் தெருப்பெயரைக் கேட்டால், பெற்றோரே கொஞ்சம் தயங்குகிறார்கள். இப்படிக் கேட்கிறவர்களும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அல்லர். இதே மதுரையில், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி வாழ்கிறவர்கள்.

செல்லூர் என்ன நேற்று முளைத்த இடமா? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருஆப்பனூர் கோயில் இங்குதான் இருக்கிறது. நம் நாட்டுக்கு ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீரில் பயிர் விளைந்திருக்கிறது. 1889-இல் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் கட்டப்பட்ட பிறகு, வடகரை மக்கள் நகருக்குள் போய்வருவது எளிதாயிற்று. கைத்தறியும், பின்னர் விசைத்தறியும் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டன. கபடிக்கும் பெயர் பெற்ற ஊர் இது.

இங்கே ஏன் இத்தனை குடும்பங்கள் வந்து சேர்ந்தன? ஆற்றைத் தாண்டினால் நகரம். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில். கடைவீதிக்கும் காய்கறிச் சந்தைக்கும் பஸ்ஸுக்குக் காசு இல்லாத நாளில் நடந்தே போய்விடலாம். வாடகையோ நம் கைக்கு எட்டுகிற அளவு. கொத்தனார், தறி ஓட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற அக்கா, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற தங்கை எல்லாரும் நகரத்துக்கு வேண்டும். ஆனால் நகரத்தின் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர்களுக்குக் கதவு திறந்த ஊர் இது.

இப்போது மறுபடி நாசரேத்துக்குப் போவோம்.

இயேசு வளர்ந்த காலத்தில் நாசரேத்து மிகச் சிறிய ஊர். சில நூறு பேர் வாழ்ந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதற்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில் செப்போரிஸ் என்ற நகரம் இருந்தது. ஏரோது அந்திப்பா அதைப் புதுப்பித்துக் கட்டிக்கொண்டிருந்தான். நல்ல கட்டடங்கள், வியாபாரம், அதிகாரிகள் என்று அந்த வட்டாரத்திலேயே சிறந்த நகரம் அது. அங்கே கட்டட வேலைக்குச் சுற்றுவட்டாரத் தொழிலாளர்கள் தேவைப்பட்டிருப்பார்கள். தச்சரான யோசேப்பும் இளைஞரான இயேசுவும் அங்கே வேலைக்குப் போய்வந்திருக்கலாம் என்று விவிலிய அறிஞர்கள் சிலர் எண்ணுகிறார்கள். காலையில் நகரத்துக்கு நடந்து, மாலையில் தூசியோடு தெருவுக்குத் திரும்புகிற வாழ்க்கை. நம்மில் பலருக்கும் அதே வாழ்க்கைதானே?

ஒன்றைக் கவனியுங்கள். நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பாருங்கள். செப்போரிஸ் என்ற பெயர் ஓரிடத்தில்கூட வராது. பக்கத்தில் இருந்த பெரிய நகரத்தை நற்செய்தி குறிப்பிடவே இல்லை. எளியவர்கள் வாழ்ந்த ஊரின் பெயரோ உலகம் முழுவதும் தெரியும். கடவுளின் மகன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தது அங்கேதான்.

இந்த நற்செய்தியின் ஒளியில் மூன்று சிந்தனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் முகவரியைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை.

சிலுவையின்மேல் பிலாத்து ஒரு பலகை எழுதி வைத்தான். அதில் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்ற மூன்று மொழிகளிலும் இயேசுவின் பெயரோடு நாசரேத்து என்பதும் இருந்தது (யோவா 19:19-20). அது ஏளனத்துக்காக எழுதப்பட்டது. ஆனால் உயிர்த்த பிறகு என்ன நடந்தது? தமஸ்கு நகர வழியில் ஒளியில் விழுந்த சவுல், நீர் யார் என்று கேட்கிறார். விண்ணக மாட்சியில் இருக்கிற ஆண்டவர், தாம் நாசரேத்து இயேசு என்று தம் ஊர்ப் பெயரோடு அறிமுகம் செய்துகொள்கிறார் (திப 22:8). சாவை வென்ற பிறகும் அவர் தம் பழைய முகவரியை விடவில்லை. ஆகவே, இளைஞரே, இளம்பெண்ணே, அடுத்த முறை யாராவது வீடு எங்கே என்று கேட்டால், தலை நிமிர்ந்து ஊர்ப்பெயரைச் சொல்லுங்கள்.

இதற்காக யாரும் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இயேசுவே நாசரேத்தை விட்டுக் கப்பர்நாகுமுக்குக் குடிபோனார் (மத் 4:13). கடன் வாங்கி ஊருக்கு வெளியே புது மனையில் வீடு கட்டிப் போகிற குடும்பங்களை ஆசீர்வதித்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் போகிறவர்கள், தாங்கள் வளர்ந்த தெருவை இழிவாகப் பேசாதிருக்கட்டும்.

இரண்டாவது சிந்தனை கொஞ்சம் கசக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாசரேத்து மக்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. இயேசு தம் சொந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் பேசியபோது, முதலில் பாராட்டினார்கள். பிறகு மலை உச்சிக்கு இழுத்துச் சென்று தள்ளிவிடப் பார்த்தார்கள். ஏன் அவ்வளவு கோபம்? கடவுளின் அருள் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணுக்கும் சிரியா நாட்டு நாமானுக்கும் கிடைத்ததை அவர் நினைவூட்டினார் (லூக் 4:25-29). அதாவது, வெளியாருக்கும் இடம் உண்டு என்றார். அதை அவர்களால் தாங்க முடியவில்லை. பிறர் தங்களை இளக்காரமாகப் பேசுவதை அனுபவித்த ஊர், தானும் பிறரை ஒதுக்கியது.

சகோதர சகோதரிகளே, நம் தெருக்களில் “வீடு வாடகைக்கு” என்ற அட்டை தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து கேட்கிறது. வாடகை எவ்வளவு என்று பேசுவதற்கு முன்பே, நீங்கள் என்ன ஆளுக என்று கேட்கிறோம். நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சொந்த ஊரைக் கேட்கிறார்கள், குலசாமியைக் கேட்கிறார்கள், கறி சமைப்பீர்களா என்று கேட்கிறார்கள். பதில் பிடிக்காவிட்டால், “நேற்றே அட்வான்ஸ் வாங்கிட்டோமே” என்று சொல்லிவிடுகிறோம். அட்டையோ அடுத்த வாரமும் அங்கேயே தொங்குகிறது. கிறிஸ்தவர் என்பதால் நமக்கு வீடு மறுக்கப்பட்டபோது அழுதோமே, நம் வீட்டுப் படியேறி வந்தவரின் சாதியைக் கேட்டு நாம் அனுப்பியபோது, அழுதது யார்? பெத்லகேம் விடுதியில் இடமில்லை என்ற பதிலை நினைவுகூர்ந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் குடில் கட்டுகிறோம். அந்தப் பதிலை நாமே சொல்லிக்கொண்டு குடில் கட்டினால் என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அதைப் புரட்டுவதற்காகத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் செலவு இருக்கிறது, கடன் இருக்கிறது. அது உண்மை. ஆனால் மாடி கட்டியிருக்கும் பலருடைய அப்பாவும் தாத்தாவும் ஒரு தகரப் பெட்டியோடு வாடகைக்கு வந்து இறங்கியவர்கள்தாம். எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாதீர்கள் என்று கடவுள் இஸ்ரயேலருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார் (விப 22:21). திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், வீடு என்பது மனித மாண்போடும் குடும்ப வளர்ச்சியோடும் பிணைந்தது என்று எழுதினார் (எண் 152). நியாயமான வாடகையில் ஒரு வீட்டைத் திறந்துவிடுவதும் இறைப்பணியே.

மூன்றாவது சிந்தனை: வாழ்கிற ஊரின் நலத்தைத் தேட வேண்டும்.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதினார். வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணவும், அந்த நகரின் நலனுக்காக மன்றாடவும் சொன்னார் (எரே 29:4-7). அதன் நலனில்தான் அவர்கள் நலனும் இருக்கிறது என்றார். நாளைக்குப் போய்விடப்போகிறோம் என்று பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாழாதீர்கள் என்பதே அதன் பொருள்.

2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் கொட்டிய மழையை மறந்திருக்கமாட்டீர்கள். செல்லூரிலும் சுற்றுப்பகுதியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாய் நிரம்பினால் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையில் சேர வேண்டும். வாய்க்காலைத் தூர்வாருவதும், அதன் அளவைக் காப்பதும் அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால் கட்டிலையும் மெத்தையையும், கடையில் மிஞ்சிய கழிவையும் இரவோடு இரவாக வாய்க்காலில் போடுவது யார்? மேல்தெருக்காரர் போட்டது கீழ்த்தெருக்காரர் அடுப்பங்கரைக்கு வருகிறது. தண்ணீர் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. அன்று மாடி வீட்டார் கதவைத் திறந்து, கீழ்வீட்டுப் பிள்ளைகளை மேலே ஏற்றினார்களே, அந்தக் கதவு மழை விட்ட பிறகும் திறந்திருக்க வேண்டும்.

நெசவுத் தெருக்களில் முன்பு விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டுவார்கள். மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டாரால் மட்டும் அதைச் செய்ய முடியாது. தெருவே வழிவிட வேண்டும், பக்கத்து வீட்டார் ஒரு கை பிடிக்க வேண்டும், சைக்கிளில் வருகிறவர் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். இன்று தறிகள் குறைந்துவிட்டன. ஆனால் அப்படி விட்டுக்கொடுக்கிற பழக்கம் குறைய வேண்டியதில்லை. நெருக்கமாக வீடுகள் இருக்கிற இடத்தில் மூச்சு முட்டுவது இயல்பு. அங்கே மக்களுக்குள் நெருங்கிய உறவும் அன்பும் இருந்தால் அந்த நெருக்கடி தாங்கக்கூடியதாகும் என்று அதே சுற்றுமடல் சொல்கிறது (எண் 148).

புனித சார்லஸ் தெ ஃபூக்கோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் மண்ணின் மறைச்சாட்சி தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்ட அதே 2022 மே 15 அன்று, அதே திருப்பலியில் அவரும் புனிதரானார். பிரான்சு நாட்டுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, படையில் அதிகாரியாக இருந்தவர். இயேசு முப்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த வாழ்வை வாழ ஆசைப்பட்டு, 1897 முதல் 1900 வரை நாசரேத்திலேயே ஒரு கன்னியர் மடத்தில் வேலைக்காரராக இருந்தார். தோட்டத்துக் குடிசைதான் அவருடைய வீடு. பிறகுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. நாசரேத்து ஒரே இடத்தில் இல்லை, எளியவர்களுக்கு அயலாராக வாழ்கிற எந்த இடமும் நாசரேத்தாகலாம். சகாரா பாலைவனத்துக்குப் போனார். துவாரக் இன மக்கள் நடுவே குடியிருந்து, அவர்கள் மொழியைக் கற்று, அதற்கு அகராதி தொகுத்தார். 1916-இல் அங்கேயே உயிர் துறந்தார்.

நாம் சகாராவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தெருக்கோடி வரை போனால் போதும். இந்த மாத அன்பியக் கூட்டத்தில் ஒரு காரியம் செய்யலாம். நம் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் யார் என்று பட்டியல் எடுங்கள். எந்த மதமானாலும் சரி, வீடு தேடிப் போய், தண்ணீர் எந்த நேரம் வரும், ரேஷன் கடை எங்கே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள், அடுத்து வருகிறவரிடம் ஆளு யார் என்ற கேள்வியைக் கேட்காமல் சாவியைக் கொடுங்கள்.

நத்தனியேல் கேட்ட கேள்விக்குப் பிலிப்பு வாதம் செய்யவில்லை. நேரில் வந்து பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். நம் ஊரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் நாம் அதைத்தான் சொல்ல வேண்டும். வந்து பார்க்கிறவர்களுக்கு நம் தெருவில் காண நல்லது இருக்கட்டும்.

செபிப்போம். நாசரேத்தில் வாழ்ந்த இயேசுவே, நகரத்தின் ஓரத்தில் வாழ்கிற எம்மை நீர் அறிவீர். வாடகைக்காகக் கலங்குகிற குடும்பங்களுக்கு வழி காட்டும். வீடு உள்ளவர்களின் மனத்தை அகலமாக்கும். மழைக்காலத்தில் எம் தெருக்களைக் காத்தருளும். பிறர் எம்மை இளக்காரமாகப் பேசும்போது மனம் தளராமலும், நாங்கள் பிறரை ஒதுக்காமலும் வாழ வரம் தாரும். ஆமென்.