அளந்து பார்த்தாயா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1988ல் இங்கே இயந்திரவியல் முடித்தவன் நான். இப்போது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். "ஏதாவது உருப்படியாப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டுக்கொண்டார். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது டயர் ஒன்றுதான். சிரிக்காதீர்கள், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அங்கே டிராக் ரேஸ் என்று ஒரு விளையாட்டு. 1320 அடி நீளத்தில், அதாவது கால் மைல், நேர்கோடாக ஒரு ஓடுபாதை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். இதற்கென்றே 1951ல் ஒரு தேசியச் சங்கம் தொடங்கி விதிகள் வகுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? பல ஓடுபாதைகளில் சில மாலைகளில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, ஆபீஸ் போகிற காரையே ஓட்டிப் பார்க்கலாம். ஓடி முடித்ததும் நேரம் அச்சடித்த சீட்டு ஒன்று தருவார்கள்.

என்னிடம் இருந்தது 2007ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங். முதல் நாள் ஆக்சிலேட்டரை மிதித்தேன். டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கியது. பக்கத்துக் கார் போயே போய்விட்டது. முதல் 60 அடியைக் கடக்க எனக்கு 2.2 விநாடி! அந்த 60 அடியில் பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சம் பிடித்தால் கடைசியில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு மிச்சமாகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எஞ்சின் பலம் எவ்வளவு இருந்தாலும் தரையைப் பிடிப்பது டயர்தானே?

இதற்கான டயர்களில் பல வகை உண்டு. ஒன்று ஸ்லிக். பள்ளம் வெட்டே இல்லாத மொட்டை டயர், சாலையில் ஓட்டச் சட்டப்படி அனுமதி இல்லை. இன்னொன்று டிராக் ரேடியல். பெயருக்குக் கொஞ்சம் பள்ளம் இருக்கும், ரப்பர் மெத்தென்று பிசுபிசுக்கும். சாலைக்கு அனுமதி உண்டு. வீட்டிலிருந்து ஓட்டிப்போய், ஓடிவிட்டு, ஓட்டியே திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது இதைத்தான்.

நானும் வாங்கப் புறப்பட்டேன். அலுவலக நண்பர் ஒருவர் பழைய வீல் இரண்டைச் சல்லிசாகத் தந்தார். ஐந்து ஓட்டையும் பொருந்தியது, மாட்டிவிட்டேன். முதல் மேடு ஏறி இறங்கியதும் 'சர்ர்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள்விளிம்பு டயரின் பக்கச் சுவரைச் சீவியிருந்தது. அன்றைக்கு நம்ம பட்டறை ஆசிரியர் நினைவுக்கு வந்தார். எந்த வேலையைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "அளந்து பார்த்தியாப்பா?"

அளப்பது இப்படித்தான். காரைத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, கார் தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்கே அச்சைக் கொண்டு வாருங்கள். அந்தரத்தில் தொங்கும்போது அளந்தால் தப்பாகிவிடும். பிறகு வீல் உட்காரும் ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சட்டம் வரை எவ்வளவு இடம், வெளிப்பக்கம் மட்கார்டு வரை எவ்வளவு இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் அரை அங்குலமாவது சும்மா விட வேண்டும். வளைவில் அச்சு பக்கவாட்டில் நகரும்.

10 அங்குல வீல் என்றால் டயர் உட்காரும் இடம்தான் 10. விளிம்போடு சேர்த்து 11 வரும். ஹப்பில் ஒட்டும் முகத்திலிருந்து உள்விளிம்பு வரை 6.5 அங்குலம் என்றால், 11ல் பாதி 5.5 போக, வீலின் நடுக்கோடு 1 அங்குலம் உள்ளே தள்ளி நிற்கும். இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போட்டிருந்தால் என் டயர் பிழைத்திருக்கும்.

உயரமும் முக்கியம். 275/60ஆர்15 என்றால் அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 60 சதவீதம், அதாவது 165. இரு பக்கம் 330, ரிம் 381, மொத்தம் 711. சுமார் 28 அங்குலம். என் காரின் சொந்த டயர் 235/55ஆர்17, சுமார் 690. ரிம் சிறுத்தால் பக்கச் சுவர் உயரும். புறப்படும்போது விழும் அடியை அந்தச் சுவர்தான் தாங்கும். ஆனால் 15 அங்குல ரிம் எல்லாக் காரிலும் ஏறாது, பிரேக் காலிப்பர் இடிக்கும். அதையும் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். நட்டு ஏறும் மரையின் நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. அரை அங்குல ஸ்டட்டுக்கு அரை அங்குலம் மரை பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் சரி செய்து, 60 அடி நேரம் 1.9 ஆனது. பெருமை தலைக்கேறியது. இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

2011ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஓடும்போது பிடிப்புக்காகப் பின்டயரில் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கியிருந்தேன். திரும்பும்போது 32க்கு ஏற்ற வேண்டும். சோம்பல், ஏற்றவில்லை. பக்கத்து சீட்டில் 14 வயது மகன். நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. தேங்கிய தண்ணீரில் காரின் பின்புறம் மிதந்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புல்தரையில் போய் நின்றது. பின்னால் வண்டி வரவில்லை, பிழைத்தோம். "அப்பா, இன்னும் ரேஸ் முடியலையா?" என்றான். எனக்கு வாய் திறக்கவில்லை.

விமான டயர் எந்த வேகத்தில் தண்ணீரில் மிதக்கும் என்பதற்கு நாசா கண்ட சூத்திரம் ஒன்று உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல். 32 பவுண்டுக்கு 59 மைல், 18க்கு 44. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு இதுதான். அதற்கு மேல் பள்ளமும் ஆழமில்லாத டயர். படித்தவன்தான் நான். டயர் ஏறுமா என்று அளந்தேன், வீடு சேருமா என்று அளக்கவில்லை.

அன்று முதல் சாதாரண டயரில்தான் போவேன். பந்தய வீல் இரண்டும் பின்சீட்டை மடித்த இடத்தில் வரும். அங்கே ஜாக்கி போட்டு மாற்றி, ஓடி, திரும்ப மாற்றி, காற்று பார்த்து, நட்டைச் சரியான முறுக்கில் இறுக்கிப் புறப்படுவேன். அரை மணி கூடுதலாகும். ஆகட்டுமே!

தம்பிகளே, ராத்திரியில் கடற்கரைச் சாலையில் பைக் முறுக்குகிறவர்கள் உங்களிலும் இருக்கலாம். வேகம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கென்று இடம் உண்டு. பந்தயப் பாதையில் வேலி உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எதிரே யாரும் வரமாட்டார்கள். சாலையில் எதிரே வருவது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை.

நம்ம ஆசிரியர் இப்போது இல்லை. அவர் கேள்வியை உங்களிடம் விட்டுச் செல்கிறேன்: அளந்து பார்த்தாயா?