சிறிய வீடும் மடக்கு மேசையும்

வீட்டை இழுத்துப் பெரிதாக்க முடியாது. ஆனால் அதில் எந்தச் சாமானை வைப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

முற்காலத்தில் நம் ஜார்ஜ்டவுனின் பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள். கடைக்கு ஒரு மரப்பெட்டி, ஓர் அலமாரி. பகலில் பெட்டியின்மேல் கணக்கு எழுதுவார்கள்; இரவில் பக்கத்திலேயே பாயை விரிப்பார்கள். இடம் மிச்சமாயிற்று, தனிமை போயிற்று. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்களுக்கு அது ஒத்துவந்தது. குழந்தை குட்டிகளோடு வாழ்பவர்களுக்கு ஒத்துவருமா?

1970 வாக்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் எழுந்தன. 17, 18 மாடிகள் கொண்ட 9 கட்டடங்கள். 3,699 சிறு வீடுகள். வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிந்தபோது, பழைய கடைவீடுகளில் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். உயரமான பழைய அறைக்குச் செய்த கட்டிலும் பீரோவும் புதிய அறைக்குப் பொருந்துவதில்லை.

கணக்குப் பார்ப்போமே. பத்தடிக்குப் பத்தடி அறை 100 சதுர அடி. ஆறேகால் அடி நீளம், ஐந்தடி அகலமுள்ள கட்டில் 31 சதுர அடியை விழுங்கும். நான்கடிக்கு இரண்டடி அலமாரிக்கு 8. அதன் கதவைத் திறந்து நிற்க இன்னும் 8. ஏறக்குறைய பாதி அறை போயிற்று!

அலமாரிக்குத் தள்ளுகதவு போட்டால் முன்னால் இடம் மிஞ்சும். ஆனால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். அடுக்குக் கட்டில் தரையை மிச்சப்படுத்தும். மேலே படுப்பவருக்கு வெக்கை. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வசதிதான். நம் ஊர் ஈரக்காற்றில் துணி பூசணம் பிடிக்கும். அதனால் கட்டிலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். சுவரில் கீல் வைத்த மடக்கு மேசை நல்லதே. ஆனால் சாப்பாடு, துணி தேய்ப்பு எல்லாம் அதிலேயே என்றால், பிள்ளை பாடம் எழுத இரவு பத்து மணிவரை காத்திருக்க வேண்டும். அந்த இழப்பு எந்தச் சதுர அடிக் கணக்கிலும் வராது.

ஆகவே சாமான் வாங்குமுன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சன்னலை மறைக்கக் கூடாது, வாசலுக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது, பிள்ளை படிக்கும் மூலையைப் பறிக்கக் கூடாது. மற்றவற்றை விட்டுக்கொடுக்கலாம். மறவாமல் மின்தூக்கியின் அகலத்தையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.