சிறுகுடல் அழற்சியும் காந்தப் படமும்



ஆண்டு விழா விருந்துக்கு முன் குடலைப் பற்றிப் பேசுவது பொருத்தமன்று என்பதை அறிவோம். தலைப்பைத் தந்தவர்கள் செயற்குழுவினர். பழியும் அவர்களையே சாரும்.

1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூவர் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் ஓர் அழற்சியை விவரித்தனர். முதற்பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலும் இளமையில் தொடங்கும் இந்நோய் அடங்கும்; பின்னர் மீண்டும் சீறும். வலி தணிந்தவுடன் மருந்தைத் தாமே நிறுத்திவிட்டவர்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வெளியே அமைதி நிலவும்போதே உள்ளே புண் வளர்ந்து குடல்வழி குறுகிவிடுவதுண்டு.

ஆகவே உள்ளே பார்த்தாக வேண்டும். ஆசனவாய் வழியே செலுத்தும் உள்நோக்குக் குழாய் சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களோடு நின்றுவிடும். வாய்வழிச் செல்வது தொடக்கத்தை மட்டுமே எட்டும். மேலும் குழாய் காண்பது உட்பரப்பை. நோயோ சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவுவது. சி.டி. படம் சுவரைக் காட்டும். ஆயினும் இருபது வயதுப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் எக்ஸ் கதிர் பாய்ச்ச எவர் மனம் துணியும்? எம்.ஆர்.ஐ. முறையில் அக்கதிர் இல்லை.

இதற்கு வருவோர் சில மணி நேரம் உண்ணாதிருந்து, மானிட்டால் போன்ற பொருள் கரைத்த நீரை ஒரு லிட்டருக்குக் குறையாமல் சிறுகச் சிறுகப் பருகுதல் வேண்டும். விரியாத குடலின் சுவர் தடித்ததுபோல் பொய்த்தோற்றம் தருமாதலின் இந்நீர் இன்றியமையாதது. இயந்திரத்தின் இரைச்சலைவிட இந்நீரையே நோயாளிகள் மிகுதியும் வெறுக்கின்றனர்! குடலசைவை அடக்க ஓர் ஊசியும், கடோலினியம் மருந்தும் சிரை வழியே செலுத்தப்படும்.

படத்தில் நாம் தேடுவன யாவை? சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்துளதா, நீர் கோத்துளதா, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியுளதா, புண் உளதா என்பனவே. 2019இல் எளிதாக்கப்பட்ட ‘மரியா’ என்னும் கணக்கு முதல் மூன்றுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும், புண்ணுக்கு இரண்டும் தருகிறது. ஒரு பகுதிக்கு ஒன்று கிடைத்தாலே அங்கு நோய் விழித்திருக்கிறது. இரண்டும் அதற்கு மேலும் கடுமை. ஆனால் குறுகிய இடம் அழற்சியால் வீங்கியதா, தழும்பால் இறுகியதா என்பதைப் படம் எப்போதும் தெளிவாக்குவதில்லை. முன்னதற்கு மருந்து; பின்னதற்குப் பெரும்பாலும் கத்தி. பல வேளைகளில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

நம் நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. குடற் காசநோய் அதே இடத்தில், அதே தோற்றத்தில் வரும். காசத்தைக் குரோன் நோயென்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் காசம் பரவும். குரோன் நோயைக் காசமென்று கருதினால் பல மாதங்கள் வீணாகி, குடல் இறுகும். நிணக்கணுக்களின் நடுப்பகுதி அழிந்திருந்தால் காசத்தையும், நீண்ட பகுதிகள் விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டிருந்தால் குரோன் நோயையும் ஐயுறுகிறோம். திசுப் பரிசோதனையும் ஐயத்தைத் தீர்க்காதபோது, காச மருந்தை முதலில் கொடுத்துச் சில மாதங்களில் மீண்டும் சோதிப்பது வழக்கம். அப்போது ஒப்பிட முந்தைய படம் தேவை. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படப் பதிவே வேண்டும். ஊர் மாற்றலாகும்போது நம்மவர் பாத்திரங்களைப் பத்திரமாகக் கட்டுகின்றனர். படங்களையோ பழைய வீட்டுப் பரணிலேயே விட்டுவருகின்றனர்.