ஒரு நூலின் பின்னே நடந்தவர்: பேராசிரியர் சுரேந்திரநாத் தாஸ்குப்தா



கவிஞர்கள் நிறைந்த அவையில் மெய்யியல் பேராசிரியர் ஒருவரை நினைவுகூர்வது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். வங்கமொழியில் கவிதையும் புதினமும் எழுதியவர், அணியிலக்கணத்தின் வரலாற்றை ஆராய்ந்தவர், தாகூரைப் பற்றித் தனிநூல் யாத்தவர் என்னும் நிலையில் சுரேந்திரநாத் தாஸ்குப்தா கவிஞர்க்கு அயலார் அல்லர். எனினும் அவர் பெயர் நிலைத்திருப்பது ஐந்து தொகுதிகளாக அமைந்த இந்தியத் தத்துவ வரலாற்றினால்தான். முதல் தொகுதி 1922இல் வந்தது. ஐந்தாம் தொகுதி அவர் மறைந்தபின் 1955இல் வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! அந்த நூலுக்காகவே அவர் ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் நடந்தார் எனலாம்.

இன்று வங்காளதேசத்தில் உள்ள குஷ்டியாவில் 1887இல் பிறந்தவர் அவர். வடமொழிக் கல்வி வழிவழியாக வந்த குடும்பம். பள்ளிப் பருவம் எய்துமுன்பே சமயம், தத்துவம் பற்றிய வினாக்களுக்கு விடை கூறுவார் என்று கேள்வியுற்று மக்கள் திரண்டு வந்தனராம். 'கோக்கா பகவான்', அதாவது குழந்தைக் கடவுள், என்று அவரை அழைத்தனராம். இத்தகைய புகழ் ஒரு குழந்தையைக் கெடுத்துவிடுவதே பெரும்பான்மை. இவர் தப்பினார்; புத்தகம் தப்புவித்தது என்று கொள்ளலாம். 1908இல் வடமொழியிலும் 1910இல் மெய்யியலிலும் முதுகலைப் பட்டம் பெற்று, சிட்டகாங் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். தலைநகரத்து நூலகங்களுக்குத் தொலைவில் இருந்த ஊர் அது. ஆயினும் வரலாற்று நூலுக்கான அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது. அவருடைய நூல்வேட்கையை உணர்ந்து பொருளுதவி புரிந்த காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தியின் பெயரை இங்குக் குறிப்பிடாமற் செல்வது நன்றியன்று. அவர் தந்த உதவியாலேயே 1920இல் தாஸ்குப்தா கேம்பிரிட்ஜ் சென்றார்.

கேம்பிரிட்ஜில் மக்டாகர்ட்டிடம் பயின்றார். 1921இல் பாரிசில் கூடிய தத்துவ மாநாட்டுக்குச் சென்றார். 1924இல் நேபிள்ஸ் மாநாட்டுக்குச் சென்றார். இத்தாலியச் சிந்தனையாளர் குரோச்சேயின் கருத்துகள் பலவற்றைப் பௌத்த அறிஞர்கள் முன்னரே எண்ணியிருந்தனர் என்று குரோச்சேயின் ஊரிலேயே சொல்லத் துணிந்தவர் அவர். 1926இல் அமெரிக்காவில் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டே 'இந்து மறைஞானம்' என்ற பொருளில் நூலாயின. பின்னர் 1935 முதல் 1939 வரை ரோம், மிலான், பிரெஸ்லவ், கோனிக்ஸ்பெர்க், பெர்லின், வார்சா என அழைப்புகள் தொடர்ந்தன. அவ்வாண்டுகளில் அந்நகரங்கள் பலவற்றில் எத்தகைய ஆட்சி நடந்தது என்பதை இன்று அறிந்தவர்க்கு, இப்பட்டியலைப் படிக்கும்போது நெஞ்சில் ஓர் உறுத்தல் எழாமல் இராது. ஆத்மாவைப் பற்றிப் பேசிய மேடைக்கு வெளியே தெருவில் என்ன நிகழ்ந்தது என்னும் வினாவை அவர் வரலாற்றை எழுதுவோர் ஒதுக்கிவிடலாகாது.

அவர் பயணங்களுள் தமிழர்க்கு நெருக்கமான ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் நூலகத்தில் ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது உருமேனிய நாட்டு இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். மிர்சியா எலியாதே என்னும் அவ்விளைஞர் ரோமில் முதல் தொகுதியைக் கண்டு, அதன் முன்னுரையில் மகாராஜா நந்தியின் பெயரைப் படித்து, அவருக்கே மடல் எழுதி உதவித்தொகை பெற்றுக் கப்பலேறியவர். ஒரு முன்னுரையில் சொல்லப்பட்ட நன்றி வேற்றுநாட்டான் ஒருவனுக்கு வழிச்செலவாயிற்று.

எலியாதே கல்கத்தாவில் ஆசிரியரின் இல்லத்திலேயே தங்கிப் பயின்றார். ஆசிரியரின் மகள் மைத்ரேயி கவிஞர். 1930இல் வெளிவந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதிக்குத் தாகூர் முன்னுரை வழங்கினார். இளையோர் இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர் என்று அறிந்ததும் அதே ஆண்டில் தந்தை எலியாதேயை வீட்டைவிட்டு வெளியேற்றினார். உபநிடதங்களில் எல்லைகளைக் கடந்த உண்மையைக் கண்டவர் தம் வீட்டு வாயிலில் எல்லைக்கோடு இட்டார். எலியாதே 1933இல் இந்நிகழ்வைப் புதினமாக்கினார். மைத்ரேயி தேவி நாற்பதாண்டுகளுக்கு மேல் வாளாவிருந்து, 1974இல் 'ந ஹன்யதே' எழுதி விடையிறுத்தார். 1976இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அப்புதினம் தமிழிலும் 'கொல்லப்படுவதில்லை' என்னும் பெயரில் கிடைக்கிறது. தந்தையின் பேரறிவோடு அவருடைய கடுமையும் தாயின் துயரும் அதில் மறைவின்றிப் பேசப்படுகின்றன. ஓர் அறிஞரின் வாழ்வை அவர் மகளின் எழுத்தைத் தவிர்த்து எழுதுவது முறையன்று. இதில் வியப்பு என்னவெனில், வெளியேற்றப்பட்ட மாணவர் தம் யோக நூலைக் காணிக்கையாக்கிய மூவருள் ஒருவராகத் தாஸ்குப்தாவைக் 'குரு' என்றே குறித்தார்.

இனி, நூலுக்கு வருவோம். ஏறத்தாழ அதே காலத்தில், 1923இலும் 1927இலும், இராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவ நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் வேறுபாட்டை உடனே உணர்வர். இராதாகிருஷ்ணன் மேலைநாட்டாரின் சொற்களாலும் ஒப்புமைகளாலும் இந்தியச் சிந்தனைக்கு ஒளியூட்டினார். நடை ஆற்றொழுக்காகச் செல்லும். தாஸ்குப்தாவோ அத்தகைய ஒப்பீடுகளை இந்நூலிலிருந்து விலக்கிவைத்து, மூலநூல் என்ன சொல்கிறதோ அதைப் படிப்படியாக எடுத்துரைத்தார். படிக்கக் கடினம், ஐயம் எழுந்தவிடத்துத் திரும்பிச் செல்ல வேண்டுவதும் அதுவே. இரண்டாம் தொகுதியில் மருத்துவ நூல்களுக்கென ஒரு பெரும்பகுதி ஒதுக்கினார். நோயைக் கண்டறிய மருத்துவர்கள் கூடி வாதிட்ட முறையிலிருந்து அளவையியல் வளர்ந்திருக்கலாம் என்று சரக சங்கிதையைக் கொண்டு அவர் காட்டுவது இந்நூலின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. தத்துவம் காட்டில் மட்டும் பிறக்கவில்லை, நோயாளியின் கட்டிலருகிலும் பிறந்தது என்னும் எண்ணத்தை அப்பகுதி தருகிறது.

1940இல் வந்த மூன்றாம் தொகுதியில் ஆழ்வார்கள் இடம்பெறுகின்றனர்; யாமுனரும் இராமானுசரும் தொடர்கின்றனர். அதன் முன்னுரையில், இத்துணைக் காலம் தாழ்த்ததற்குக் காரணங்களுள் ஒன்றாக, மிகையான உழைப்பினால் ஒரு கண்ணின் பார்வை பழுதுற்றதைக் குறிப்பிடுகிறார். பிறரைக் கொண்டு படிப்பித்தும் எழுதுவித்தும் பணி நடந்தது. 1931 முதல் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு வேறு தோளில் இருந்தது. 1942இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியர் இருக்கையை ஏற்றார்.

ஐந்தாம் தொகுதி தென்னாட்டுச் சைவத்துக்கே உரியது. மாணிக்கவாசகரும் மெய்கண்டாரும் உலகறிந்த ஒரு வரலாற்றில் இடம்பெற்றது தமிழர் மகிழத்தக்கது. ஆனால் அவர் தமிழ் கற்றவர் அல்லர். போப் 1900இல் தந்த திருவாசக மொழிபெயர்ப்பு போன்றவற்றின் வழியாகவும் வடமொழி ஆகமங்களின் வழியாகவும் நின்றே அவர் சைவ சித்தாந்தத்தைக் கண்டார். திருவாசகத்தின் கருத்து அங்கே இருக்கிறது, கண்ணீர் இல்லை. நல்லசாமிப் பிள்ளை 1895இலேயே சிவஞான போதத்தையும் 1913இல் சிவஞான சித்தியாரையும் ஆங்கிலத்தில் தந்துவிட்டார் என்பதை எண்ணும்போது, தமிழறிந்த ஒருவர் அவருடைய மேசையருகே அமர்ந்திருந்தால் அப்பகுதி எவ்வாறு விளங்கியிருக்கும் என்ற ஏக்கம் எழுகிறது. குறை அவருடையது மட்டுமன்று. ஒரு வங்காளியார் அடையாறு வரை நடந்து வந்தார். அவர் கையில் தமிழ் மூலத்தை விளக்கி வைக்கும் நூல்கள் அன்று எத்தனை இருந்தன?

1945இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றவரை இதயநோய் படுக்கையில் வீழ்த்தியது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கேம்பிரிட்ஜிலேயே கழிந்தன. அந்நோய்ப் படுக்கையிலிருந்தே நான்காம் தொகுதி 1949இல் அச்சேறியது. வடமொழி இலக்கிய வரலாறும் தாகூர் பற்றிய நூலும் அவ்வாண்டுகளில் வெளிவந்தவையே. 1950இல் தாயகம் திரும்பி லக்னோவில் தங்கினார். அவருடைய மாணவியும் துணைவியுமான சுரமா தாஸ்குப்தா பணியில் உடன் நின்றார். இறுதித் தொகுதியை அச்சுக்குக் கொணர்ந்து, அதில் அவர் வாழ்க்கைக் குறிப்பையும் எழுதிச் சேர்த்தவர் அவரே.

1952 டிசம்பர் 18ஆம் நாள் காலையிலும் பிற்பகலிலும் தாஸ்குப்தா வழக்கம்போல் எழுத்துப்பணி செய்து, ஐந்தாம் தொகுதியின் முதன்மையான பகுதியொன்றை முடித்தார். மாலையில் இக்கால உளவியல் குறித்து உரையாடிக்கொண்டிருந்தவர் எட்டு மணியளவில் அமைதியாக உயிர் நீத்தார்.

காஷ்மீர சைவமும் சாக்தமும் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. வரலாற்றை முடித்தபின் தமக்கே உரிய தத்துவத்தை இரு தொகுதிகளாக எழுதவும் அவர் எண்ணியிருந்தார். அதை முதலில் எழுதுமாறு நண்பர்களும் மாணவர்களும் வேண்டினர். முன்னோர் சொன்னதைச் சொல்லி முடிப்பதே தம் முதற்கடன் என்று அவர் இசையவில்லை. அவ்விரு தொகுதிகளும் எழுதப்படவேயில்லை. அவர் தாமே என்ன எண்ணினார் என்று அறிய விரும்புவோர்க்கு 1941இல் வெளியான தத்துவக் கட்டுரைகளும், வங்கமொழிக்கு வெளியே பெரிதும் படிக்கப்படாத அவர் கவிதைகளும் உள்ளன.