ஒப்புமையும் உறவும்



இன்று இரண்டு மொழிகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, பிரமபுத்திரா நதிக்கரையில் வழங்கும் அசாமிய மொழி. மற்றது, ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரனீஸ் மலைப்புறத்தில் வழங்கும் பாஸ்க் மொழி. இவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தமிழுக்குப் பெருமை தேடுவோர் சிலர், அதன் உறவுப் பட்டியலில் பாஸ்க்கையும் சேர்த்துப் பேசுவதுண்டு. மொழிகளுக்கிடையே உறவு என்பது என்ன என்று விளங்கிக்கொள்ள இவ்விரண்டும் நல்ல உரைகல் ஆகும்.

எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை என்று வகுப்பிலே படிப்பிக்கிறோம். ‘மனிதன் வந்தான்’, ‘மனிதன் சோறு உண்டான்’ என்னும் இரண்டிலும் எழுவாய் ஒரே வடிவில் நிற்கிறது. பாஸ்க்கில் அப்படியன்று. வந்த மனிதன் ‘கிசோனா’. உணவை உண்ட மனிதன் ‘கிசோனாக்’. செயப்படுபொருள் குன்றாவினை வரும்போது எழுவாய் ‘க்’ என்னும் உருபை ஏற்கிறது. அசாமியத்திலும் இதற்கு நிகரான போக்கு உண்டு. ‘மானுஹ்’ என்னும் சொல் அத்தகைய வினையோடு வரும்போது ‘மானுஹே’ ஆகிறது.

இதைக் கண்டவுடன் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கூறிவிடலாமா? கூடாது. அசாமிய ‘ஏ’, வடமொழியின் மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஏன’ என்பதன் தேய்வு. பாஸ்க்கின் உருபுக்கு அந்த வரலாறு இல்லை. வெவ்வேறு ஒழுங்கைகளால் வந்த இருவர் ஒரே படலையில் நிற்கின்றனர், அவ்வளவே. கொடிகாமம் சந்தையில் ஒரே மாதிரிச் சேலை உடுத்த இரண்டு பெண்களைக் கண்டால், அவர்களைச் சகோதரிகள் என்று முடிவுகட்டுவோமா?

மெய்யான உறவைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சிங்களத்தைப் பாருங்கள். அசாமிய ‘மானுஹ்’ சிங்களத்தில் ‘மினிஹா’. பத்து என்பது அங்கே ‘தொஹ்’, இங்கே ‘தஹய’. ‘மனுஷ்ய’, ‘தச’ என்னும் பழஞ்சொற்களின் ஷகர, சகர ஒலிகள் இரு மொழியிலும் ஹகரமாகத் தேய்ந்துள்ளன. ஒரு சொல் தற்செயலாக ஒத்திருக்கலாம். பல சொற்கள் ஒரு மூலத்திலிருந்து ஒழுங்கான ஒலிமாற்றத்தோடு வந்தால், அதுவே உறவுக்குச் சான்று. பாஸ்க்கில் ஏழு ‘சஸ்பி’. உடனே ‘சப்த’ நினைவுக்கு வரும். ஆனால் எட்டு ‘சொர்ட்சி’, பத்து ‘அமார்’. அடுத்த அடியிலேயே நூல் அறுந்துவிடுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். பாஸ்க்கில் வீடு ‘எச்செ’. வீட்டில் ‘எச்செஅன்’, வீட்டுக்கு ‘எச்செரா’, வீட்டிலிருந்து ‘எச்செதிக்’. பெயரின் பின்னே உருபு வந்து ஒட்டுகிறது; வினை பெரும்பாலும் கடைசியில் நிற்கிறது. தமிழ் மாணவனுக்குச் சொந்த ஊருக்கு வந்தது போலிருக்கும். ஆனால் துருக்கியமும் யப்பானியமும் இப்படித்தான் அமைந்துள்ளன. வடக்கே உறவுகொண்ட சிங்களமும் வாக்கிய அமைப்பில் நமக்கு நெருக்கமானது. அது பிறப்பால் வந்த உறவன்று. அயலால் வந்த நெருக்கம்.

இவ்வகை ஒப்பாய்வுக்கு நம் மண்ணில் ஒரு மரபு உண்டு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் தமிழ்ச் சொற்களை ஐரோப்பிய மொழிச் சொற்களோடு ஒப்பிட்டு, 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை வெளியிட்டார். யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு இணைந்து தமிழ் - யப்பானிய உறவை ஆராய்ந்தார். திராவிட மொழிகளைப் பாஸ்க்கோடு இணைத்து நிக்கொலாஸ் லகோவாரி எழுதிய நூல் 1963இல் வெளிவந்தது. இம்முடிவுகளை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதனால் அந்த உழைப்பு வீணாகிவிடாது. பிறமொழியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நம் சொல்லின் முகம் நமக்கே தெளிவாகிறது.

ஆனால் உறவு கிடைத்தால் மொழிக்குக் காவல் கிடைத்துவிடும் என்று எண்ணுவோமாயின், அசாமியரின் கதையைக் கேட்கவேண்டும். அசாமியத்துக்கு வங்காளம் மிக நெருங்கிய உறவு. அந்த நெருக்கமே வினையாயிற்று. இது வங்காளத்தின் கிளைவழக்குத்தானே என்று கருதப்பட்டு, 1830களில் அசாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காளம் புகுத்தப்பட்டது. 1873இல்தான் அசாமியம் தன் இடத்தை மீட்டது. அதற்காக வாதாடியவர்களுள் ஆனந்தராம் தேக்கியால் புக்கனும் அமெரிக்க மிசனரிமாரும் முதன்மையானவர்கள். அம்மிசனரிமார் 1846இல் சிப்சாகரில் ‘அருணோதய்’ என்னும் இதழைத் தொடங்கினர். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1841இல், இங்கே வேறொரு அமெரிக்க மிசன் ‘உதயதாரகை’யை வெளியிட்டது. இரண்டு பெயரிலும் விடியல் இருக்கிறது.

பாஸ்க்குக்கோ உலகில் நிறுவப்பட்ட உறவுமொழி ஒன்றுகூட இல்லை. பிராங்கோவின் ஆட்சியில் அது பள்ளியிலும் பொதுவாழ்விலும் ஒடுக்கப்பட்டது. அம்மக்கள் தாமே பள்ளிகள் நடத்தினர். 1968இல் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பொதுவழக்கு வகுக்கத் தொடங்கினர். 1979இல் ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் ஸ்பானியத்தோடு அது ஆட்சிமொழியாயிற்று.

உறவு நிறைந்த மொழி இடர்ப்பட்டது. உறவற்ற மொழி நிலைத்தது. இரண்டையும் காத்தவை பள்ளியும் அச்சும் பேசுவோரின் பிடிவாதமுமே. மொழிக்குடும்பங்களின் பெயர்களாகிய ஆரியம், திராவிடம் என்பன இரத்தத்தின் பெயர்களாக்கப்பட்டதால் இத்தீவு பட்ட துயரத்தையும் நாம் அறிவோம்.

ஆகவே நேயர்களே, நம் பிள்ளைகள் பாஸ்க்கையும் அசாமியத்தையும் அயலிலுள்ள சிங்களத்தையும் ஆசையோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். தமிழுக்குப் பெரிய குடும்பம் தேடுவதற்காக அன்று. தமிழைச் சரியாக அறிவதற்காக. தமிழ் எத்தனை மொழிகளுக்குத் தாய் என்ற கேள்வியைவிட, இன்று நம் வீட்டுப் பிள்ளை தமிழில் என்ன வாசிக்கிறது என்ற கேள்வியே நமக்கு அவசரமானது.