ஒரே கட்டத்தில் இரண்டு மனிதர்கள்

தமிழ்நாட்டுக் கிராமம் மாறிவிட்டது என்று எல்லா மேடையிலும் முழங்குகிறோம். எப்படி மாறியது, எதனால் மாறியது என்று கேட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணையைத்தான் எடுத்து நீட்டுகிறோம். 1961 அட்டவணையைப் பாருங்கள். விவசாயத் தொழிலாளர் என்று ஒரு கட்டம். 2011லும் அதே கட்டம். முதலாவதில், வாங்கிய கடனுக்காக ஒரே வீட்டு வாசலில் ஆண்டெல்லாம் கட்டுண்டு, அளந்து போட்ட நெல்லை வாங்கிக்கொண்டு, வேறு வேலைக்குப் போக வழியில்லாமல் கிடந்த படியாள் இருக்கிறார். இரண்டாவதில், கூலி கட்டுப்படியாகாவிட்டால் கட்டட வேலைக்குப் பஸ் ஏறிவிடுகிற அவருடைய பேரன் இருக்கிறார். அரசாங்கக் கணக்கில் இருவரும் ஒன்று. நம் காலத்தின் மாபெரும் சமூக மாற்றம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது; அட்டவணைக்கு அது தெரியவே இல்லை.

அது தெரிந்த இடம் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் திரட்டி வந்த விவரங்கள் 1918இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தூசி, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம் என்று அந்த ஊர்ப் பெயர்கள் ஆய்வுலகில் நிலைத்துவிட்டன. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் அந்த ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பினார்கள். 1980களில் இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்சரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுக் காலம் விட்டுவிட்டுப் பார்த்ததால்தான் ஓர் உண்மை வெளிப்பட்டது. பெருநிலக்காரரின் பிடி தளர்ந்திருக்கிறது; படியாள் முறை மறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் நிலச் சீர்திருத்தம் மட்டுமல்ல. ஊருக்கு வெளியே கிடைத்த வேலை, அரசின் நலத்திட்டங்கள், தாழ்த்தப்பட்டவர்களின் அரசியல் எழுச்சி எல்லாம் சேர்ந்து அந்தக் கட்டை அறுத்தன. ரேஷன் அரிசியை இலவசம் என்று இழித்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் அரிசி இருக்கிறவனால்தான் அடிமாட்டுக் கூலிக்கு வர முடியாது என்று சொல்ல முடிகிறது. ஆனால் கட்டு அறுந்ததே தவிர, நிலம் கைக்கு வரவில்லை. தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். சாகுபடி நிலத்தில் அந்தப் பங்கு அவர்களுக்கு இன்றும் இல்லை. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்லாத எந்த வரலாறும் அரைகுறை வரலாறு.

ஓர் ஊரை வைத்து மாநிலத்தை எடை போடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எத்தனை பேர் என்று அறிய மாதிரிக் கணக்கெடுப்புதான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் சுற்றுக்குச் சுற்று வேறு வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. தாத்தா யாரிடம் கடன்பட்டார், பேரன் எந்த வழியாக மீண்டார் என்ற தொடர்ச்சி அதில் கிடைக்காது. அளவைச் சொல்ல ஒன்று, வழியைச் சொல்ல இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் அநாதையாக விட்டிருக்கிறோம். ஸ்லேட்டரின் ஆய்வே வெள்ளைக்காரன் ஆட்சியில் நடந்ததுதானே, அதில் சேரியின் குரல் எங்கே என்று இன்னும் கூர்மையாகக் கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதில் பெரும் உண்மை இருக்கிறது. அன்று சென்னையில் கல்லூரிக்கு வர முடிந்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதி வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பார்த்தது தம் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிந்த ஊரை. அதற்காக அந்த ஏட்டைத் தூக்கி எறிந்தால் ஒப்பிட நமக்கு 1916 இல்லாமல் போகும். வேண்டியது, சேரியிலிருந்து படித்து வந்த பிள்ளைகள் அதே ஊருக்கு அதே கேள்விகளோடும், அன்று கேட்கப்படாத கேள்விகளோடும் போவது.

அப்படிப் போக வேண்டிய ஊர்களில் ஒன்றான கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. அங்கே வாசலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி யார் வீட்டுப் பிள்ளை, நிலம் கொடுத்த வீடா, நிலமே இல்லாத வீடா? இதற்குப் பதில் தெரியாமல் தொழில் வளர்ச்சியைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்கு என்ன மதிப்பு? ஆகவே அரசையும் பல்கலைக்கழகங்களையும் நான் கேட்பது இது. இந்த ஊர்களின் மறு ஆய்வு, ஆய்வாளர் ஒருவரின் ஆர்வத்தையோ வெளிநாட்டு நிதியையோ நம்பி நிற்கக் கூடாது. பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடக்கும் பொதுக் கடமையாக வேண்டும். 1918 முதல் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தன. ஆராயப்பட்டவர்கள் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து மறுத்துரைக்க வழி இருந்தது அரிது. இனி அறிக்கை தமிழில் எழுதப்பட்டு, அச்சுக்குப் போகும் முன் அந்தந்த ஊர்க் கிராம சபையில் வாசிக்கப்படட்டும். படியாள் முறை ஒழிந்த விதத்தை நாம் பிழையாக எழுதியிருந்தால், படியாளாக இருந்தவரின் வீட்டார் எழுந்து அதைத் திருத்தட்டும். அந்தத் திருத்தமும் அறிக்கையில் ஏறட்டும்.